கம்ப்யூட்டரில் என் புருஷன் பெயர்

1

நான் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டேன் என்று உன்னிடம் சொன்னது யார், சரோஜா? பூக்காரியாகத்தான் இருக்கும். அவள் போடும் முழமே முக்கால் முழம். செய்தியை மட்டும் ஒன்றரை முழமாக அளந்து கொடுப்பாள். அவள் சொன்னதில் பாதிதான் பொய். மீதி எப்படி உண்மையாயிற்று என்பதை நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

நீ கோயம்புத்தூரில் உன் மகளுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. மயிலாப்பூர் வீட்டுச் சாவியை நீதானே என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாய்? என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு ஆக்லாந்திலிருந்து வந்தவள், கல்யாணம் முடிந்தும் உன் வீட்டில்தான் இருந்தேன். உன் மிக்ஸியின் சின்ன ஜாரை உடைத்தது நான்தான். அதையும் இதிலேயே சொல்லிவிடுகிறேன், தனியாகத் திட்டு வாங்க வேண்டாம்.

ஆக்லாந்துக்குத் திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் வாணி. இங்கே சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறாள். ஊரில் இருப்பவர்கள் படிக்கிற பத்திரிகைக்கு அனுப்பப் போகிறாளாம். நான் "வந்துக்கினு இருந்தேன்" என்றால் "வந்துகொண்டிருந்தேன்" என்று எழுதிவிடுகிறாள். என்னை மாற்றினால் மாற்றிக்கொள், மற்றவர்கள் பேசியதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

2

ஆக்லாந்தில் நான் கஷ்டப்படுகிறேன் என்று சென்னையில் எல்லோரும் முடிவு கட்டி வைத்திருக்கிறார்கள். கல்யாணத்தில் பந்திக்கு உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம், அங்க பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லாம எப்டி கீற?" என்கிறாள். எனக்குத் துக்கம் இல்லை என்றால் அவளுக்குத் துக்கமாகிவிடும்போல இருந்தது. அதனால் அப்பளம் வருகிறவரைக்கும் முகத்தைக் கொஞ்சம் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன்.

உனக்கு மட்டும் உண்மையைச் சொல்கிறேன். எனக்கு இங்கே படு குஷி. காலையில் பத்து மணிக்கு பஸ் ஏறுவேன். டிரைவர் எனக்கு வணக்கம் சொல்வார். இறங்கும்போது எல்லோரும் அவருக்கு நன்றி சொல்கிறார்கள், நானும் சொல்வேன். பிராட்வே பஸ்ஸில் நம் ஆட்கள் டிரைவரை என்னவெல்லாம் சொல்லி இறங்குவார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வரும். இரண்டு ஸ்டாப் தள்ளி, தெருக்காரர்கள் சேர்ந்து பயிர் வைக்கிற தோட்டம் ஒன்று இருக்கிறது. அதில் எனக்கும் ஒரு பாத்தி. பக்கத்துப் பாத்தி லோசாவினுடையது. சமோவாத் தீவுக்காரி, என்னைவிட இரண்டு மடங்கு உடம்பு. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது, இங்கிலீஷ் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. காலையிலிருந்து மதியம் வரை பேசுவோம். சேப்பங்கிழங்கை அவர்களும் உயிராகச் சாப்பிடுகிறார்கள். அவள் இலையை எடுத்துக்கொள்வாள், நான் கிழங்கை எடுத்துக்கொள்வேன். என் மருமகளோடு இத்தனை வருஷத்தில் இவ்வளவு சுமுகமாகப் பங்கு பிரித்ததில்லை.

வீட்டில் மகன் சேகர், மருமகள், பேத்தி மீரா. மீராவுக்குப் பதினாலு வயசு. அவளைப் பற்றி ஒன்று சொல்லணும். போன வருஷம் பள்ளிக்கூடத்தில் குடும்ப மரம் வரையச் சொன்னார்கள். கிளைக்குக் கிளை பெயர் எழுதிக்கொண்டு வந்தவள், என் புருஷன் இடத்தில் 'தாத்தா' என்று எழுதியிருந்தாள். டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார்.

"பாட்டி, தாத்தாவோட நேம் என்ன?" என்றாள்.

"உங்கப்பன கேளு."

"ஏன், உங்களுக்குத் தெரியாதா?"

எனக்கா தெரியாது! நாற்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்ததுதானே, சரோஜா, நீயும் சொல்ல மாட்டாய். நான் 'அவர்' என்பேன், சேகர் 'அப்பா' என்பான். அவர் செத்து எட்டு வருஷமாகிறது. அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல ஆளே இல்லாமல் போய்விட்டதை அன்றைக்குத்தான் கவனித்தேன். சேகர் சொல்லித்தான் குழந்தை எழுதினாள். நான் சொல்ல மாட்டேன் என்றதும், "தாத்தா மேல கோவமா?" என்று கேட்டாள். கோபம் நிறைய உண்டு, அது வேறு கதை.

3

இப்போது சங்கதிக்கு வருகிறேன். கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள், உன் வீட்டு வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். மாடி வீட்டு பிலோமினா டீச்சர் தடதடவென்று இறங்கி வந்தார். உனக்கு அவரைத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். பரம்பரை பரம்பரையாகச் சாந்தோம் கோயிலைச் சேர்ந்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு எடுத்து ரிட்டயர் ஆனவர். இன்னமும் யாராவது தப்பாகப் பேசினால் கையில் சாக்பீஸ் இருக்கிற மாதிரி விரலை மடக்குவார்.

"ராஜம்மா, நீங்க இப்ப எங்க இருக்கீங்க?" என்றார்.

"கண்ணாடியப் போட்டுப் பாருங்க டீச்சர். கீரை உருவிக்கினு கீறேன்."

"இல்ல. நீங்க மணிலாவில இருக்கீங்க. ஓட்டல்ல உங்க கைப்பை திருட்டுப் போயிடுச்சு. உடனே உதவி பண்ணணுமாம். இப்பத்தான் உங்க மெயில்ல இருந்து வந்திருக்கு."

"நான் எழுதினனா?"

"அரைப்புள்ளி எல்லாம் போட்டு அழகா எழுதியிருக்கீங்க. அப்பவே தெரிஞ்சுபோச்சு, நீங்க இல்லைன்னு."

கையெழுத்து கேட்டால் கட்டைவிரலை நீட்டுகிறவள் நான். என் பெயரில் ஒரு மெயில் இருக்கிறது. பதினோரு வருஷத்துக்கு முன்னால் பாஸ்போர்ட் எடுத்தபோது போட்டது. சேகர்தான் அதைத் திறந்து, வருவதைப் படித்துச் சொல்வான். எவனோ அதற்குள் புகுந்து, தெரிந்தவர் தெரியாதவர் எல்லோருக்கும் நான் மணிலாவில் அம்போ என்று நிற்பதாக எழுதிவிட்டான். ஒருத்தர்கூட நம்பவில்லை. படிக்காமல் இருந்ததால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் அதுதான். என்னமோ தப்பு நடக்கிறது என்று மெயில் கம்பெனிக்காரன் மோப்பம் பிடித்து, கணக்கையே பூட்டிவிட்டான். திருடனும் உள்ளே போக முடியாது, நானும் போக முடியாது.

போனால் போகட்டும் என்று கீரையை ஆய்ந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் சேகர் கூப்பிட்டான், குரலே சரியில்லை.

"அம்மா, உன் விசா லெட்டர் அந்த மெயிலுக்குத்தான் வந்திருக்கு. வேலை நெருக்கடியில நான் அதைத் தொறந்து பாக்கவே இல்ல. விசா ஆபீஸ்ல கேட்டேன். மெடிக்கல் பண்ணச் சொல்லி அனுப்பியாச்சு, இருபத்தோரு நாள் டைம்னு சொல்றாங்க. அதுல பதினொரு நாள் போயிடுச்சு."

"வேற மெயிலுக்கு அனுப்பச் சொல்லேன்."

"சொன்னேன். மெயில மாத்தணும்னா பழைய மெயிலுக்கு ஒரு லிங்க் அனுப்புவாங்களாம், அதைத் தொறந்து ஓகே பண்ணணுமாம்."

"பூட்டின ரூமுக்குள்ள சாவி கீதுன்ற."

"ஆமாம்மா."

"அந்த டாக்டருகிட்ட நேரா போய் நின்னுட்டா?"

"லெட்டர்ல ஒரு நம்பர் இருக்கும். அது இல்லாம உள்ள விடமாட்டாங்க. டைம் தாண்டினா அப்ளிகேஷனே குளோஸ். திரும்பப் போட்டா எத்தனை வருஷம் ஆகும்னு தெரியாது. உன் பழைய விசாவும் இந்த மாசத்தோட முடியுது."

போனை வைத்துவிட்டேன். ஊர் முழுக்க என்னைப் பார்த்து, பேசாமல் இங்கேயே இருந்துவிடு என்று சொல்லிக்கொண்டிருந்த நேரம் அது. இருந்துவிடலாம்தான். நீ இருக்கிறாய், குளம் இருக்கிறது, காபி இருக்கிறது. ஆனால் என் பாத்தியில் சேப்பங்கிழங்கு இன்னும் பிடுங்கவில்லை. லோசாவுக்கு நான் சொல்லிவிட்டு வந்தது ஒன்றே ஒன்றுதான். கையைக் காட்டி, போகிறேன், வருவேன் என்று காட்டினேன். வரவில்லை என்றால் அதை எந்த பாஷையில் சொல்லி அனுப்புவேன்?

திரும்பிப் போகணும் என்று அன்றைக்கு எனக்கு வந்த ஆசை, முதல் தடவை விமானம் ஏறினபோதுகூட வரவில்லை.

4

பூட்டைத் திறக்க ஒரு வழி இருந்தது. மெயில் கம்பெனிக்காரன் ஒரு ரகசியக் கேள்வி கேட்பான், சரியான பதில் சொன்னால் திறந்துவிடுவான். என் கேள்வி என்னவென்று டீச்சர் போனில் பார்த்தார்.

"கணவர் பெயர் என்ன? இதான் ராஜம்மா. ரொம்ப சுலபம். சொல்லுங்க."

நான் உள்ளே போய் பாஸ்போர்ட்டை எடுத்துவந்து நீட்டினேன். டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதைப் பார்த்துத் தட்டினார். தப்பு. இனிஷியலோடு தட்டினார். தப்பு. இனிஷியலைக் கடைசியில் போட்டுத் தட்டினார். அதுவும் தப்பு. மூன்று தப்புக்கு மேல் போனால் அடுத்த நாள் வரைக்கும் பேச மாட்டானாம்.

"உங்க புருஷன் பேர்தானே கேட்டிருக்கான்? அன்னைக்கு நீங்க என்னதான் சொன்னீங்க?"

அப்போதுதான் எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், லஸ் முனைக்குப் பக்கத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு பிரவுசிங் சென்டர். அவர் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டில் கிடந்தார். முப்பது வருஷம் ஓடுகிற பஸ்ஸில் தொங்கிக்கொண்டு டிக்கெட் கிழித்தவர், ரிட்டயர் ஆனபிறகு வீட்டுப் படியில் தடுக்கி விழுந்தார். அதனால் நான் தனியாகப் போயிருந்தேன். அங்கிருந்த ஆள், மெயில் போட வேண்டுமானால் ஒரு ரகசியக் கேள்வி வைக்கணும் என்றான். முதலில் படித்த பள்ளிக்கூடம் எது? படிக்கவில்லை. பிடித்த வாத்தியார் பெயர்? அதான் படிக்கவில்லையே அப்பா. முதலில் வாங்கிய கார்? அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. கேள்வி போடுகிறவன் எல்லோரும் பள்ளிக்கூடம் போய், கார் வாங்கி, நாய் வளர்க்கிற ஆட்களையே நினைத்துக்கொண்டு போடுகிறான்.

"சரிம்மா, ஊட்டுக்காரர் பேர கேள்வியா நானே வச்சிர்றேன். அத்த மறக்கமாட்ட. பேரு இன்னா?"

நான் மேலே கையைக் காட்டினேன்.

"அடடா. போய்ச் சேந்துட்டாரா?"

"ஏய், வாயில அடி. மலை மேலப்பா."

"மலை மேல வேல செய்றாரா?"

"நிக்கிறாருப்பா! மயில் வச்சிக்கினு நிக்கிறாரே, அவரு பேரு."

"முருகனா?"

"அதில்ல. அவரோட இன்னொரு பேரு."

பின்னால் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவன் நாலைந்து பெயர் சொன்னான், நான் தலையை ஆட்டி ஆட்டி இல்லை என்றேன். கடைசியில் "சரி சரி, போட்டுட்டேன், போம்மா" என்று ஒரு சீட்டைக் கொடுத்து அனுப்பினான். சரியாகத்தான் கண்டுபிடித்துப் போட்டிருப்பான் என்று நானும் வந்துவிட்டேன். சீட்டு எங்கே என்று கேட்காதே. அதில் மிளகு மடித்து வைத்திருந்தேன்.

டீச்சரிடம் இதைச் சொன்னதும் அவர் விரலை மடக்கிக்கொண்டார். "அப்போ விடை முருகனோட ஏதோ ஒரு பேரு. மொத்தம் எத்தனை பேரு?"

"நூத்தியெட்டுன்னு சொல்லுவாங்க."

"ஒரு நாளைக்கு மூணு. நமக்குப் பத்து நாள். முப்பது பேருக்கு மேல போட முடியாது." கணக்கு டீச்சர் இல்லையா.

அடுத்த நாள் காலையில் குளத்தங்கரைக் கடைக்குப் போனோம். முருகன் நூற்றெட்டுப் போற்றிப் புத்தகம் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். கடைக்காரர் அவர் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார், அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏதாச்சும் வேண்டுதலா டீச்சர்?"

"இல்லப்பா. பாஸ்வேர்டு."

அவர் ஒன்றும் புரியாமல் விபூதிப் பொட்டலம் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தார்.

தினமும் காலையில் டீச்சர் ஜெபம் முடித்துவிட்டு இறங்கி வருவார். மூன்று பெயர். பழனி, தண்டபாணி, செந்தில். மறுநாள் குமரன், வேலு, சண்முகம். அதற்கு மறுநாள் ஆறுமுகம், சரவணன், கதிர்வேல். நான் எந்தெந்தப் பெயரை விட்டேன் என்று எண்ணாதே வாணி, அதில் ஒன்றுதான் அவர் பெயர், அதைத்தான் முதல் நாளே போட்டாயிற்றே.

நாலாம் நாள் டீச்சருக்கு அலுத்துவிட்டது.

"ஒரு சாமிக்கு இத்தனை பேரு வச்சா எந்த கம்ப்யூட்டர் தாங்கும்? எங்க பக்கம் பாருங்க, ஒருத்தர்தான்."

"உங்க பக்கம் மூணுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"அது மூணு ஆள், ஒரே கடவுள்."

"இது ஒரே ஆளு, நூத்தியெட்டு பேரு. அவங்கவங்க ஊட்டு வசதி."

டீச்சர் சிரித்துவிட்டார். ஆனால் சிரித்து முடித்ததும் புத்தகத்தை மூடி வைத்தார். "ராஜம்மா, இப்படியே போனா ஆகாது. இன்னும் ஆறு நாள்தான். அன்னைக்குத் தட்டினவன் கையைப் பிடிச்சாத்தான் உண்டு. அந்த ஆள் எங்க இருக்கான்?"

5

லஸ்ஸில் மாடிப்படிக்குக் கீழே இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். பிரவுசிங் என்றாலே அந்தக் கடைக்காரருக்குப் புரியவில்லை. எதிரில் இளநீர் விற்கிறவர்தான் சொன்னார்: "ரவிதான? சைதாப்பேட்டை கோர்ட்டாண்ட போயிட்டான்மா. பத்திரம் டைப் அடிச்சிக்கினு கீறான்."

சைதாப்பேட்டைக்கு பஸ் ஏறினோம். கோர்ட்டுக்கு எதிரில், கறுப்புக் கோட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்னக் கடை. ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின், அதன் முன்னால் ஒரு பெண். இன்னொரு பக்கம் கம்ப்யூட்டர், அதன் முன்னால் அவன். அன்றைக்கு ஒல்லியாக இருந்தவனுக்கு இப்போது தொப்பை மேஜையைத் தொடுகிறது, மீசைக்கு மை போட்டிருக்கிறான்.

டீச்சர் விஷயத்தைச் சொன்னார். அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மேடம், அந்தக் காலத்துல ஒரு நாளைக்கு அம்பது பேருக்கு ஐடி போட்டுக்கினு இருந்தேன். யாருக்கு இன்னா போட்டேன்னு இன்னிக்கி கேட்டா எப்டி?"

எனக்கு வேறு வழி தெரியவில்லை. கடைக்கு முன்னால் நின்று, அன்றைக்குக் காட்டின மாதிரியே கையை மேலே தூக்கிக் காட்டினேன். அப்புறம் இரண்டு கையையும் பின்னால் விரித்து மயில் காட்டினேன். போகிற வக்கீல் ஒருத்தர் நின்று பார்த்தார்.

அவன் கை அப்படியே நின்றது.

"மலை மேல நிக்கிறவரு! அய்ய, நீதானாமா அது?"

"நானேதான். அப்பால நீ இன்னா பேரு போட்ட?"

அவன் ஜெராக்ஸ் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். குரலைத் தாழ்த்தினான்.

"பின்னாடி எட்டு பேரு கத்திக்கினு இருந்தான்மா. நீ வேற எத்த சொன்னாலும் இல்லன்னு தலையாட்டின. மறக்காம இருக்கணுமேன்னு..."

"மறக்காம?"

"என் பேர போட்டுட்டேன்."

ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது. அந்தப் பெண் எழுந்துவந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அவன் பெண்டாட்டி கலா.

"இன்னாது? இந்தம்மாக்கு நீ புருஷனா?"

"கம்ப்யூட்டர்லடி!"

"எத்தினி வருஷமா?"

"பதினோரு வருஷம்," என்றார் டீச்சர். கணக்கு கேட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது.

"நமக்குக் கல்யாணமாயி ஒம்போது வருஷந்தான் ஆவுது," என்றாள் கலா. என் பக்கம் திரும்பி ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உக்காருக்கா. மூத்தவ நீ நிக்கறப்போ நான் உக்காந்துக்கினு இருந்தா நல்லாவா கீது?"

நான் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. காலையிலேயே இரண்டு பெயர் போட்டுப் பார்த்தாயிற்று, அன்றைக்கு மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு. "வெறும் ரவியா, இனிஷியலோடயா?" என்று கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். கலாதான் சொன்னாள்: "இதுக்குன்னு இனிஷியல் தேடிக்கினு இருந்திருக்கமாட்டான் டீச்சர். சோம்பேறி. வெறும் பேர போடுங்க."

டீச்சர் போட்டார். சிலுவையை ஒரு தடவை தொட்டுக்கொண்டு அமுக்கினார்.

திறந்துகொண்டது.

எத்தனையோ மெயில்களுக்கு நடுவில் அந்த விசாக் கடிதம் இருந்தது. ரவியே அதை அச்செடுத்துக் கொடுத்தான். கலா அதற்குப் பைசா வாங்க மாட்டேன் என்றாள். "குடும்பத்துக்குள்ள இன்னா துட்டு" என்றாள். பூக்காரியிடம் இதைச் சொன்னது டீச்சர்தான், எனக்குத் தெரியும். ஆனால் அவர் சொல்லும்போது கம்ப்யூட்டரும் சேர்ந்துதான் இருந்திருக்கும். வழியில் யாரோ அதை இறக்கிவிட்டார்கள்.

6

மெடிக்கல் எடுக்கிற இடம் தி.நகரில், நகைக்கடைகளைத் தாண்டி ஒரு மாடியில். நாள் முடிய இரண்டே நாள் இருக்கும்போதுதான் டோக்கன் கிடைத்தது. அன்றைக்கு டீச்சருக்குக் கோயில் திருவிழாக் கமிட்டி. அதனால் தனியாகப் போனேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, நீயே எழுதிக்கொள் என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னேன். நல்ல பெண். வேக வேகமாகக் கேட்டுத் தட்டினாள். பெயர், வயசு, விலாசம்.

"ஹஸ்பண்ட் நேம்?"

"பாஸ்போர்ட்டுல கீது பாரும்மா."

"பாஸ்போர்ட்டு உள்ள ஸ்கேனுக்குப் போயிருக்கு. அதோட மேட்ச் பண்ணணும், நீங்கதான் உங்க வாயால சொல்லணும் மேடம். ஆள் மாறாட்டம் நிறைய நடக்குது."

"முருகன் பேரும்மா."

"முருகனா?"

"இல்ல, அவரோட இன்னொரு பேரு."

எனக்கே கேட்டது, சரோஜா, நான் மறுபடியும் லஸ்ஸுக்குப் போய்விட்டேன் என்று. பின்னால் வரிசையில் ஒருத்தர், "பாலமுருகனா?" என்றார். இன்னொருத்தர், "கார்த்திகேயனா இருக்கும்," என்றார். சிட்னி போகிற ஒரு பெண், "அத்தை, முதல் எழுத்து மட்டும் சொல்லுங்க," என்றாள். முழு வரிசையும் விளையாட ஆரம்பித்துவிட்டது. கவுண்டர் பெண் மட்டும் விளையாடவில்லை.

"மேடம், பின்னாடி பதினாலு பேர் இருக்காங்க. நீங்க சொல்லலைன்னா நான் இதை ஹோல்டுல போட்டுட்டு அடுத்த டோக்கன் கூப்பிடணும். அப்புறம் அடுத்த வாரம்தான்."

அடுத்த வாரம் என்றால் எல்லாம் முடிந்தது. இவள் கையிலும் விட்டால், சும்மா கண்ணில் பட்ட எதையாவது போட்டுவிடுவாள் என்று நினைத்தேன். ஒரு தரம் ரவிக்குப் பெண்டாட்டியானது போதும். பாத்தியையும் லோசாவையும் நினைத்தேன். அந்தக் குடும்ப மரத்தில் 'தாத்தா' என்று இருந்த கிளையையும் நினைத்தேன்.

சொன்னேன்.

முழுப் பெயரையும், இனிஷியலோடு, கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. கூரை இடிந்து விழும் என்று எனக்குக் கொஞ்சம் நினைப்பு இருந்தது. ஃபேன் சுற்றிக்கொண்டே இருந்தது.

"கரெக்ட். ஹைட் எவ்ளோ?" என்றாள் அந்தப் பெண்.

அவ்வளவுதான். நாற்பத்திரண்டு வருஷமும் அதற்கு மேல் எட்டு வருஷமும் வாயில் அடக்கி வைத்திருந்ததை, அவள் ஒரு டிக் போட்டுத் தாண்டிவிட்டாள். எக்ஸ்ரே ரூமில் மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னார்கள், நான் சிரித்துவிட்டேன். இரண்டாம் தடவை எடுக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பாண்டி பஜாரிலிருந்து தேனாம்பேட்டை வருவதற்குள் ஐந்தாறு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தேன். மெதுவாக ஒரு தரம், அதட்டலாக ஒரு தரம், அவர் குளித்துவிட்டு ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடும்போது கூப்பிட நினைத்த மாதிரி ஒரு தரம். பதிலே இல்லை. உயிரோடு இருந்தபோதும் கூப்பிட்டவுடன் வந்த மனுஷன் இல்லை அவர். நல்ல பெயர்தான், சரோஜா. சொல்லிப் பார்த்தால்தான் தெரிகிறது. கூப்பிடுவதற்கு வாட்டமான பெயர். இவ்வளவு நாள் வீணாகக் கிடந்தது.

மெடிக்கல் போய்ச் சேர்ந்தது. விசா வந்தது. நானும் வந்தேன். லோசா என்னைப் பார்த்ததும் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினாள், இடுப்பு இன்னும் வலிக்கிறது. கிழங்கு நன்றாக இறங்கியிருந்தது.

மெயிலின் கேள்விக்கு இனிமேல் சரியான பதிலைப் போட்டுவிடலாம் என்று சேகர் முந்தாநாள் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினான். மீராதான் தட்டுவதற்கு உட்கார்ந்தாள். "சொல்லுங்க பாட்டி," என்றாள். சேகருக்குத் தெரியாதா, அவனே சொல்லியிருக்கலாம். வேண்டுமென்றே ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். நான் சொன்னேன். குழந்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னொரு தடவை சொல்லுங்க, சும்மா," என்றாள். சொன்னேன்.

இதோ இங்கே வாணி பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்க்கிறாள். முழுக் கதையும் எழுதியாயிற்று, பெயர் மட்டும் இல்லையே என்கிறாள். ஊர் முழுக்கப் படிக்கிற பத்திரிகையாம். நல்ல கதையாக இருக்கிறதே! திருடன் படித்தால் மறுபடியும் மணிலாவுக்குப் போக வேண்டியதுதான். எழுந்திரு வாணி, எழுந்திரு, தூறல் போடுகிறது, கொடியில் மருமகளின் ஆபீஸ் சட்டை எல்லாம் கிடக்கிறது, அந்தக் கிளிப் கூடையை எடு